காது கேட்கும் இடம்

"ஏங்க, தண்ணி வழியுது! மோட்டாரை நிறுத்துங்க!"

மனைவி தொண்டை வறளக் கத்தியும், ஓய்வுபெற்ற பேராசிரியர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கல்லூரி நண்பர்கள் குரூப்பில் யாராவது தும்மினால்கூட அவருக்கு உடனே கேட்டுவிடும்.

"அப்படி என்னதான் இருக்கு அதுல?"

"பழைய சிநேகிதங்ககிட்டப் பேசினா மனசு லேசாயிடுது. நீ வாயைத் திறந்தா மோட்டார், கேஸுன்னு உயிரை வாங்குற."

அவள் உள்ளே போனாள். குரூப்பில் ஒரு கேள்வி வந்து விழுந்தது: "நம்ம வகுப்பு அழகன் எங்கே? ஒரு உதவி வேணுமே!"

கேட்டது யாரென்றுகூடப் பார்க்காமல் பேராசிரியர் தட்டினார்: "இதோ இருக்கேன். உயிரையே கொடுப்பேன், சொல்லு!"

"உயிரெல்லாம் வேண்டாம். மோட்டாரை நிறுத்துங்க" என்று பதில் போட்டாள், அதே வகுப்பில் படித்து அவரையே கட்டிக்கொண்டவள்.

குரூப்பே சிரிக்க, அவர் எழுந்து ஓடினார். அன்றிலிருந்து அவள் வீட்டில் கத்துவதே இல்லை, எல்லாம் குரூப்பில்தான்.