சுற்றுவழி டிக்கெட்

"எங்கப்பா தவறிட்டாரும்மா. உடனே ஊருக்குப் போகணும்."

மேஜைக்கு முன்னால் நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். செல்போனில் வந்த சேதியையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்தே நீட்டினார்.

டிக்கெட் போடும் பெண்ணுக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது. வெடுக்கென்று பேசுவதில் அந்த அலுவலகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சாவுச் சேதி என்றால் இளகிவிடுவாள்.

"உட்காருங்க சார். எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டர். நேரா போற ஃப்ளைட்னா பத்து மணி நேரம். மதியம் ரெண்டு மணிக்கு ஒண்ணு இருக்கு, ஆனா ஃபுல்லுன்னு காட்டுது. இருங்க, கேட்டுப் பார்க்கிறேன்."

விமானக் கம்பெனிக்குப் போன் போட்டாள். கெஞ்சினாள். மசியவில்லை என்றதும் அதட்டினாள். "உங்க வீட்ல இப்படி ஆனா சும்மா இருப்பீங்களா?" என்றுகூடக் கேட்டுவிட்டாள். ஒரு இடம் கிடைத்தது.

"கிடைச்சிடுச்சு சார்! விடியறதுக்குள்ள வீட்ல இருக்கலாம்."

அவர் தயங்கினார்.

"சுத்திப் போற ஃப்ளைட் ஏதாவது இருக்காம்மா? நாளைக்கு ராத்திரி போய்ச் சேர்ற மாதிரி?"

"சார், நேரா போறதுலயே இடம் பிடிச்சிட்டேன்..."

"தெரியுதும்மா. இருக்கான்னு மட்டும் பாரேன்."

"இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்பி, நடுவுல ஒரு ஊர்ல பதினோரு மணி நேரம் தேவுடு காக்கணும். மொத்தம் இருபத்து மூணு மணி நேரம். நம்ம ஊர் நேரப்படி நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்குத்தான் இறங்குவீங்க. விலையும் ஜாஸ்தி."

"பரவாயில்ல, அதையே போட்டுடு."

அவளுக்குச் சுருக்கென்றது. பக்கத்து மேஜைக்காரி குனிந்து கிசுகிசுத்தாள். "பெத்த அப்பனைக் கடைசியாப் பார்க்கப் போறதுக்கு ஊர் சுத்திக்கிட்டுப் போற பிள்ளையை இப்பத்தான்டி பார்க்கிறேன்."

அதற்குள் அவருடைய போன் அடித்தது.

"சொல்லுங்க சித்தப்பா... நேரா போற ஃப்ளைட்ல இடமே இல்லைன்னுட்டாங்க. நாளைக்கு ராத்திரிதான் வர முடியும்... ஆமா, நான் வராம எடுத்துடாதீங்க."

வாய் கூசாமல் பொய்! அவள் மல்லுக்கட்டி வாங்கிய இடம் திரையில் இன்னும் அப்படியே இருந்தது. வந்த கோபத்தில் கீபோர்டு படாத பாடு பட்டது. டிக்கெட்டை அச்செடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் தேதியையும் நேரத்தையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக்கொண்டார். பிறகு அங்கே உட்கார்ந்தபடியே இன்னொரு எண்ணுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் யாரோ விம்மி விம்மி அழுவது அவளுக்கே கேட்டது.

"அழாத தங்கச்சி. உன் கல்யாணத்துல பிடிச்ச கோபத்தைச் சித்தப்பா இன்னும் விடல. உனக்காக ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க மாட்டோம்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார். ஆனா மூத்த பிள்ளை நான் வராம அப்பாவை எடுத்துட முடியாதில்ல? நீ பதறாம வா. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்கினதும் நேரா வீட்டுக்குப் போய், அப்பா பக்கத்துல உட்கார்ந்து ஆசை தீர அழு. எட்டு மணிக்குத்தான் அண்ணன் இறங்குவேன்."