முதுகைக் காட்டிப் பாடிய பாட்டு

டாஃப்னி கதவைத் திறந்ததுதான் தாமதம், கிட்டாரும் கையுமாக ஜன்னல் வழியே வெளியே குதித்தான் கிளிஃப்டன். டாஃப்னியும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரிலிருந்து ஒலிப்பதிவுக்கு வந்திருந்த பிரெண்டனுக்குத் தலை சுற்றியது. இருவரையும் நேருக்கு நேர் நிறுத்திச் சேர்த்து வைக்க அவன் போட்ட திட்டம் அது.

பழங்குடி மக்கள் வாழும் அந்தக் கடலோர ஊரின் குழந்தைகளுக்காக, அவர்களுடைய சொந்த மொழியில் ஒரு பாட்டு ஆல்பம். டிவியைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் இங்கிலீஷிலேயே அழக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று டாஃப்னிக்கு ஆத்திரம். அதற்காகவே பாட வந்தாள்.

ஒலிப்பதிவு நடந்தது ஊர்ப் பள்ளிக்கூடத்தில். ஆனால் கிளிஃப்டன் வகுப்பறைக்குள் வாசித்தால், அவள் வராந்தாவில் முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் பாடுவாள். வேகத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டுமென்றால்கூட அவள் மகள் ரோஸ்லின்தான் நடுவில் ஓட வேண்டும். கிளிஃப்டன் பிடிக்கும் மீனில் நல்ல துண்டு மட்டும் தினமும் ரோஸ்லின் கையில் டாஃப்னிக்குப் போய்விடும். பாவம், அவன் இறங்கி வருகிறான், இந்த அம்மாதான் மசியவில்லை என்று பிரெண்டன் முடிவு கட்டியிருந்தான்.

"ஆன்ட்டி, தாலாட்டு ஒண்ணுதான் பாக்கி. ரெண்டு பேரும் முகம் பாத்துப் பாடினாத்தான் அதுக்கு உயிர் வரும்."

"என் பாட்டுக்கு உயிர் குடுக்க நீ யாரு தம்பி?" சுவரைப் பார்த்தபடியே கேட்டாள் டாஃப்னி.

"அப்போ ஆல்பமே வேணாம். மூட்டை கட்டிடறேன்."

"தாராளமா கட்டு. உன் மைக்கை நம்பியா நாங்க பிள்ளை பெத்தோம்? வீடு வீடா போய் நானே பாடுவேன். எவன் தடுக்கறான்னு பாக்கறேன்!"

ஜன்னலுக்கு வெளியே கிட்டார் ஒலித்தது. டாஃப்னி சுவரைப் பார்த்தபடியே பாட ஆரம்பித்தாள். அவள் மூச்சு விடும் இடத்தில் அவன் நிறுத்தினான், அவள் குரல் இறங்கிய இடத்தில் அவனும் இறங்கினான். வாசலில் நின்ற ரோஸ்லினின் இடுப்பில் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை கண்ணை மூடியது. பிரெண்டன் தன்னை அறியாமலே பதிவுப் பொத்தானை அழுத்தியிருந்தான். கண் கலங்கியதை மறைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

பாட்டு முடிந்ததும் டாஃப்னி யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வெளியேறினாள்.

"இவ்வளவு அழகா சேர்ந்து பாடறவங்களுக்குள்ள அப்படி என்னதான் பகை?" என்று ரோஸ்லினிடம் கேட்டான் பிரெண்டன்.

அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பகையா? அவரு என் புருஷன்ணே! மாமியார் மூஞ்சியில மருமகன் முழிச்சா, அப்புறம் மரியாதை என்ன ஆகறது?"