வாயைக் கட்டிய நாள்

தோளும் இடுப்பும் வலிக்கவில்லை. அவை வலித்து மரத்துப்போய் வருஷக்கணக்காகிறது. வலித்தது தொண்டை.

எச்சிலை விழுங்கினால் முள் குத்தியது. சித்தாள் கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். நேற்று அவ்வளவு கத்தித் திட்டியிருந்தாள்.

வேறு யாரையும் இல்லை, கட்டிய புருஷனைத்தான்.

சமுதாயக் கல்லூரியில் புது வகுப்பறைக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அவன் கொத்தனார். சாரத்தில் நின்று சுவர் பூசுவான். அவள் கீழே நின்று கலவை கொடுப்பாள். கலவையோடு சேர்த்துத் திட்டும் கொடுப்பாள்.

“யோவ், இடது கைப்பக்கம் சொட்டை விழுந்து கிடக்கு. அதை உங்க அக்காவா வந்து பூசுவா?”

“ஜன்னலுக்குக் கீழ செங்கல்லு பல்லைக் காட்டுது. கொஞ்சம் குனியேன், தலையில இருக்கிற கிரீடமா விழுந்துடும்?”

“போதும்யா, அங்கேயே தேய்ச்சுக்கிட்டு நிக்காத. சுவத்துக்கென்ன இன்னைக்குக் கல்யாணமா?”

மாணவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இடைவேளையில் ஒரு ரெட்டைச்சடைக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “யோவ், இடது கைப்பக்கம்!” என்று அச்சு அசலாகக் கத்துவாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சாரத்தின் மேலிருந்து கொத்தனாரும் சிரிப்பான். ஒரு நாளும் அவளைத் திருப்பி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று கூட வேலை செய்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

இன்று காலை சூப்பர்வைசர் நேராக அவளிடம் வந்தார்.

“பக்கத்து ஹால்ல பரீட்சை. பிரின்சிபால் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. மணி அடிக்கிற வரைக்கும் ரேடியோவை மூடி வைம்மா. சத்தம் கேட்டுச்சு, ரெண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.”

பிறகு அண்ணாந்து பார்த்தார்.

“கொத்தனாரே, பரீட்சை முடியறதுக்குள்ள இந்தச் சுவர் முடியணும். நான் வந்து மட்டம் பார்ப்பேன். சரியா இருந்தா மாடி வேலையும் உங்களுக்குத்தான். இல்லைன்னா வேற ஆளு.”

மாடி வேலை கிடைத்தால் மழைக்காலம் முழுக்க அடுப்பு எரியும். மருத்துவமனைக்கும் ஒரு வழி பிறக்கும்.

சித்தாள் அண்ணாந்து சாரத்தைப் பார்த்தாள்.

மேலே கொத்தனார் கலவையை அள்ளினான். அள்ளியதைத் திரும்பச் சட்டியிலேயே தட்டினான். மறுபடி அள்ளினான். தலையைச் சற்றே சாய்த்து, கீழேயிருந்து வர வேண்டியதற்குக் காத்து நின்றான்.

வரவில்லை.

“என்னண்ணே, திட்டு விழலைன்னா கை ஓடாதா?” என்று பக்கத்துச் சாரத்திலிருந்து பெயிண்டர் கிசுகிசுத்தான்.

சித்தாள் சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். சட்டியைப் பலகையில் வைத்தாள். ஆனால் இறங்கவில்லை.

அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, இடது தோளில் கையை வைத்தாள்.

அவன் இடப்பக்கம் நகர்ந்து பூசினான்.

பிடரியில் மெல்ல அழுத்தினாள். குனிந்தான். கையை எடுத்தாள். நிறுத்தினான். கல்யாணத்துக்கு வந்தவர்கள் முன்னால்கூட இரண்டு பேரும் இப்படி ஒட்டி நின்றதில்லை.

பரீட்சை ஹாலின் ஜன்னலோரம் இருந்த ரெட்டைச்சடைக்காரி எழுதுவதை விட்டுவிட்டு, பேனாவைக் கடித்தபடி அவர்களையே பார்த்தாள்.

கடைசிக் கை பூசி முடிந்ததும் சூப்பர்வைசர் வந்தார். மட்டப்பலகையைச் சுவரோடு சேர்த்து வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மேலே, கீழே, ஜன்னல் ஓரம். பலகையை எடுத்தார்.

“நாளையிலேர்ந்து மாடிக்குச் சாரம் கட்டுங்க.” பிறகு கொத்தனாரின் சட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “வாயைக் கட்டினா கொஞ்சல் ஆரம்பிச்சுடுதே!”

சட்டையின் முதுகு முழுக்கச் சிமெண்ட் கைகள். தோளில், பிடரியில், விலாவில்.

மணி அடித்தது. சித்தாள் முதலில் இறங்கி ஏணியடியில் நின்றாள். பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். ரெட்டைச்சடைக்காரி சாரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“அக்கா, தினமும் இப்படியே இருங்களேன். அண்ணன் பாவம்.”

எல்லோரும் சித்தாளையே பார்த்தார்கள். அவளுக்கும் அவனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது.

அதற்குள் கொத்தனார் ஏணியில் கால் வைத்துவிட்டான். கால் படியைத் தேடிக் காற்றில் துழாவியது.

“யோவ், கால் அந்தரத்துல தொங்குது! இன்னும் கீழ படி இருக்கு. எருமை, இதையும் நானா சொல்லணும்?”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் கால் படியைக் கண்டுபிடித்தது.

தரைக்கு வந்ததும் முழங்கையால் அவள் முழங்கையைத் தொட்டுக்கொண்டான்.

“சுவர் பாக்க நல்லா இருக்கா?” என்று மெதுவாகக் கேட்டான். பூசிய சுவர் அவனுக்கு வலப்பக்கம் இருந்தது. அவன் பார்த்துக் கேட்டது தண்ணீர்த் தொட்டியை.

இரண்டு கண்ணிலும் புரை முற்றிய பிறகு, தான் பூசிய ஒரு சுவரையும் அவன் பார்க்கவில்லை. மாடி வேலைக் கூலி வந்தால்தான் அறுவை சிகிச்சை. அதுவரை யாருக்கும் தெரியக் கூடாது. அன்பாக வழி சொன்னால், எதற்குச் சொல்கிறாள் என்று கேட்பார்கள். திட்டினால் யாரும் கேட்பதில்லை.

சுவர் கண்ணாடி போல இருந்தது. சூப்பர்வைசர் இன்னும் பக்கத்திலேயே நின்றார்.

“ஏதோ இருக்கு, வா,” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

நாலு பேர் காதில் விழ, அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை. அவள் அவனுக்குத் தர வேண்டிய கடன் அது. இன்னும் தரவில்லை.