சிரப் பாக்கெட்

கிள்ளான் மண்டபத்தில் மதியவெயில் தகரக்கூரையை வாட்டுகிறது. கயிறு கட்டி ஸ்ட்ரா சொருகிய பிளாஸ்டிக் பாக்கெட்டில் சிவப்புச் சிரப் ஐஸோடு குத்துச்சண்டை மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். டிவியில் மட்டும் பார்த்தவன் நான். ஒரு குத்து நேரில் எப்படிச் சத்தம் போடும் என்று கேட்கத்தான் வந்தேன். ஈரத்துணியைக் கல்லில் அறைகிற மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு அறைக்கும் கூட்டம் எழுகிறது, நானும் எழுகிறேன். மணி அடித்ததும் சண்டை போடுகிற இருவரில் ஒருவனான தர்வின் என் பக்கத்து மூலைக்கு வந்து முக்காலியில் சரிகிறான். இடது கண் வீங்கி மூடிய இடத்தில் கத்தரிக்காய்த் தோலின் பளபளப்பு. அவனுடைய கோச் கபிரியேல் ஐஸ் பெட்டியைத் திறந்தால் வெறும் தண்ணீர். கயிறுகளுக்கு நடுவே கை நீட்டுகிறார். “பாஸ், அதக் கொஞ்சம் குடுங்க லா.” கொடுக்கிறேன். பாக்கெட்டை அந்தக் கண்மேல் வைத்து அழுத்துகிறார். ஸ்ட்ரா அவன் காதோரம் ஆடுகிறது. சிரப்பின் சிவப்பையும் கன்னத்தில் வழிகிற சிவப்பையும் எட்டி எட்டிப் பார்க்கிறேன். “பார்வ தெரியுதாடா? நிப்பாட்டிரலாம்.” “இன்னும் ஒரு ரவுண்டுதானே கோச்.” மறுபடி மணி. கபிரியேல் பாக்கெட்டைத் துண்டில் துடைத்து, வலது கையை இடது கையால் தாங்கி, மரியாதையாகத் திருப்பித் தருகிறார். “தேங்க்ஸ் பாஸ்.” எதிராளி நேரே அந்தக் கண்ணைத்தான் தேடுகிறான். குத்து விழுகிறது. மண்டபம் கத்துகிறது, நானும் கத்துகிறேன், தொண்டை வறள்கிறது. மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஸ்ட்ராவை வாயில் வைத்து உறிஞ்சுகிறேன். பாக்கெட்டின் ஒரு பக்கத்தில் இன்னும் அவன் முகத்துச் சூடு.