பிள்ளைத் துணி இல்லாத பை

"பிள்ளைக்கு ஒண்ணும் வைக்காதே. உனக்கு வேணுங்கறதை மட்டும் எடுத்து வை" என்றாள் ரோசினா.

டலாசா கையிலிருந்த சின்னச் சட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணுக்கா. இது என்ன கனமா கனக்கப் போகுது?"

"நான் கனத்தைப் பத்தியா பேசறேன்?"

டலாசா சட்டையைக் கட்டிலில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருந்த அவர்களுடைய சின்னத் தீவில் நர்ஸ் உண்டு. பிரசவ வார்டு கிடையாது. எட்டு மாதம் தாண்டியதும் கர்ப்பிணிகள் சின்ன விமானத்தில் ஏறி, பெரிய ஆஸ்பத்திரி உள்ள தர்ஸ்டே தீவுக்குப் போய், ஆஸ்பத்திரிப் பக்கத்து விடுதியில் வலி வரும்வரை காத்திருக்க வேண்டும். இன்று டலாசா போகிறாள். பிள்ளையின் தகப்பன் வேலை தேடித் தெற்கே போனவன், போனவன்தான். பிறக்கப்போகும் பிள்ளையை அண்ணன் ஃபிரெட்டிக்கும் அண்ணி கோரலுக்கும் கொடுப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. பிள்ளை இல்லாத சொந்தத்துக்குப் பிள்ளை கொடுப்பது அந்தத் தீவுகளில் புதிதல்ல. கொடுத்த பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அம்மாவும் அப்பாவும் இறந்துவிட்ட அந்த வீட்டில், தங்கைக்காக வாக்குக் கொடுத்தவள் மூத்தவளான ரோசினாதான்.

"இந்த நைட்டி வேணாம், எடு" என்றாள் ரோசினா.

"ஏன், புதுசுதானே?"

"முன்னாடி பொத்தான் வச்சது. பால் குடுக்கறவங்களுக்குத்தான் அது ஆகும். தலைவழியா போடறது ரெண்டு வை. ஸ்வெட்டர் வை, அங்க ஏசி எலும்பைக் குத்தும். தடிப் பேடு ரெண்டு பாக்கெட். அப்புறம் இது."

பழைய வெள்ளைத் துணி ஒன்றை நீளவாக்கில் கிழித்து மடித்திருந்தாள்.

"இது எதுக்கு?"

"மாரை இறுக்கிக் கட்டிக்க. ரெண்டு மூணு நாள்ல பால் கட்டி கல்லு மாதிரி ஆயிடும். காய்ச்சலடிக்கும். பக்கத்துக் கட்டில் பிள்ளை அழுதாக்கூட உன் சட்டை நனையும். நர்ஸைக் கேட்டா மாத்திரை தருவாங்க. ஆனா அழறதுக்கு மாத்திரை கிடையாது. முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டுப் படு."

டலாசாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"வரிசையா நாலு பெத்தவ மாதிரி பேசறே! கல்யாணமே கட்டாம நண்டும் சோறும் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கறவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"ஊர்ல பாதிப் பேருக்குத் துணையாப் போனவ நான். பாத்ததைச் சொல்றேன்" என்றாள் ரோசினா, தலை நிமிராமல்.

டலாசா கட்டிலில் கிடந்த சின்னச் சட்டையை மறுபடி எடுத்து மடித்தாள்.

"அக்கா, தரமாட்டேன்னு சொன்னா என்ன ஆகும்?"

"உன் அண்ணன் முகத்துல எப்படி முழிக்கறது? கோரல் தொட்டில்கூட வாங்கிட்டா."

"பக்கத்து வீட்டுலதான் வளரும். என்னை அத்தைன்னு கூப்பிடும். நானும் 'என்னடா கண்ணு'ன்னு கேட்டுட்டு, துணி காயப் போட்டுட்டு இருக்கணும். அப்படித்தானே?"

ரோசினா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எந்திரி. விமானம் நமக்காக நிக்காது."

ஓடுதளத்தின் ஓரத்துக் கொட்டகையில் சாமான் ஏற்றும் கெப்பா பையை எடை போட்டான். பிறகு டலாசாவையும் மேடையில் ஏறி நிற்கச் சொன்னான். சின்ன விமானம், ஆளையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள்.

"ரெண்டு பேரு ஏறிட்டு ஒரு டிக்கெட்டா? ஏமாத்தறியே டலாசா!" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

கோரல் மூச்சிரைக்க ஓடி வந்தாள். தோளில் புதுப் பை. திறந்தே காட்டினாள்: சட்டைகள், குட்டிக் காலுறைகள், போர்வை, நாப்கின் கட்டு.

"அடுத்த வாரம் நானும் வந்துடுவேன். முதல் சட்டை என் கையால போடணும், சரியா?" என்று டலாசாவின் வயிற்றில் கை வைத்தாள். ஐந்து முறை கரு தங்காமல் போனவள் கோரல். "அம்மா வர்றேன்டா தங்கம். அதுக்குள்ள அவசரப்படாதே."

டலாசா உதட்டைக் கடித்துக்கொண்டு விமானத்தை நோக்கி நடந்தாள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, வழியெல்லாம் தோள் குலுங்கக் குலுங்க.

ரோசினா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கோரல், அந்தப் பையை அவகிட்ட குடுத்துடு" என்றாள் திடீரென்று.

"எதுக்குக்கா? நான்தான் கொண்டு வரப் போறேனே."

"பிள்ளையை அவளே வச்சுக்கட்டும். நான் குடுத்த வாக்கைத் திருப்பி எடுத்துக்கறேன். நீ என்னை எப்படி வேணா திட்டு."

கோரல் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"விளையாடறியா? பெத்துக்கப் போறவளே சரின்னுட்டா! இப்ப வந்து இல்லைங்கறதுக்கு நீ யாரு? இவ்வளவு நாள் பேசாம இருந்துட்டு! நீ அவளுக்கு அக்கா, அவ்வளவுதானே?"

விமானத்தின் படியில் கால் வைத்த டலாசா, சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"அக்கா! என்னக்கா ஆச்சு?"

ரோசினா அவளையே பார்த்தபடி தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"பதினேழு வயசுல நான் பெத்ததை எங்கம்மாவுக்குக் குடுத்தேன், கோரல். அதுதான் அங்க படியில நின்னு என்னை அக்கான்னு கூப்பிடுது."