கப்பல் சாமான் தேவை

“யாரைக் கேட்டு இந்தச் சக்கரத்தை உள்ள கொண்டுவந்தீங்க?”

“சக்கரமில்லை, மிதவை. கப்பல்ல மாட்டியிருக்கிறது.”

“கப்பல்ல இருந்தா கப்பலோடயே முழுகியிருக்க வேண்டியதுதானே! எங்க வீட்டு நடையை ஏன் அடைக்குது?”

தம்பி மனைவியின் குரலுக்கு எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று தானாகத் திறந்துகொண்டது. டெலிபோன் அக்கா அந்த மிதவையை மார்போடு அணைத்தபடி நின்றாள். அறுபத்திரண்டு வயதில், தரையில் நின்றுகொண்டே மூழ்குகிறவள் மாதிரி இருந்தது பார்க்க.

தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு வருடம் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டவள். கல்யாணம் ஆகவில்லை. ஓய்வுபெற்றுத் தம்பி வீட்டுப் பின்னறைக்கு வந்தபிறகு அவளைத் தேடி ஒரு மணியும் அடித்ததில்லை. தம்பி செய்தித்தாளுக்குப் பின்னாலேயே குடியிருப்பவன். அவன் மனைவி பேசுவாள். ‘மோட்டாரை நிறுத்தினீங்களா, கதவைச் சாத்தினீங்களா’ என்பதற்கு மேல் அந்தப் பேச்சு போகாது.

போன வருடம்தான் அக்காவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. யுத்த காலத்தில் பட்டாளத்தை ஏற்றிப்போன பழைய பயணிகள் கப்பல் ஒன்றின் பேரைப் போட்டு, ‘அதன் சாமான்கள் தேவை, நேரில் வரவும்’ என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாள். கப்பலை உடைத்து இரும்புக்குப் போட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் ஒருவர் வந்தார்.

ஒல்லி உடம்பு, தேய்த்த வெள்ளைச் சட்டை, காகிதத்தில் சுற்றிய ஒரு சாம்பல் கிண்ணம். அந்தக் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறியவராம். அதற்கப்புறம் மாதம் தவறாமல் முதல் சனிக்கிழமை, நாலு மணிக்கு, கையில் ஒரு பொட்டலம். உள்ளே நங்கூரம் பொறித்த கரண்டி, 214 என்று அறை எண் போட்ட தகடு, பித்தளைச் சாவி என்று அவரே சொல்லிக் கொடுப்பார்; கடைசியாக வந்தது பொட்டலத்துக்கு அடங்காத அந்த மிதவை. கூடவே ஒரு மணி நேரம் புயல், குண்டுவீச்சு என்று கதை.

தெரு அவருக்குக் ‘கேப்டன்’ என்று பேர் வைத்தது. ஒரு மழை நாளில் அக்காவின் குடைக்கம்பி ஒடிந்திருந்ததைப் பார்த்தவர், கதையை நிறுத்தாமலே இரண்டு நிமிடத்தில் அதைச் சரிசெய்து கொடுத்தார். கப்பலில் வேலை பார்த்தவருக்குத் தெரியாத தொழிலா என்று தெருவே மெச்சிக்கொண்டது.

“பதினாலு பொட்டலம் கட்டிலுக்கடியில கிடக்கு,” தம்பி மனைவி விடுவதாயில்லை. “கட்டின சணலைக்கூட அவுக்கலை. பிரிச்சே பாக்காத சாமான் எதுக்கு?”

“பிரிச்சா தூசி படியும்.”

“சனிக்கிழமை உங்க கேப்டன் வரட்டும். எல்லாத்தையும் அவர் தலையிலேயே கட்டி அனுப்பிடறேன். இனிமே இந்தப் படி ஏறக் கூடாது.”

அக்கா மிதவையைச் சட்டென்று கீழே வைத்தாள். “சாமானை வேணா பரண்ல தூக்கிப் போடு. அவரை வர வேண்டாம்னு சொல்லிடாதே. இன்னும்... கப்பல் கடிகாரம் பாக்கி இருக்கு.”

சனிக்கிழமை கேப்டன் வந்து உட்கார்ந்து புயலைப் பாதிவரை கொண்டுவந்திருந்தார். தம்பி மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

“அக்கரையிலதான் சார் எங்க சித்தி வீடு. எதிர்ச்சந்துல நீங்க நாற்பது வருஷமா குடை ரிப்பேர் பண்றவராமே? ஆத்துல படகு ஏறினாலே வாந்தியாமே? பாலத்தைச் சுத்தி பஸ்லதான் வருவீங்களாமே?”

ஒவ்வொரு ‘ஆமே’வுக்கும் கேப்டன் ஓர் அங்குலம் குறைந்தார். தரையைப் பார்த்தபடி அக்காவிடம் பேசினார்.

“எல்லாம் பழைய சாமான் சந்தையில பொறுக்கினதுங்க. மொத நாள் ‘அதுல வேலை பாத்தீங்களா’ன்னு கேட்டீங்க, ஆமான்னுட்டேன். என்கிட்ட ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டு ரொம்ப நாளாச்சு.”

ஏமாந்தவள் அழத்தானே வேண்டும்? ஜன்னல்கள் காத்திருந்தன. அக்காவோ டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“ஆறிடப் போகுது, குடிங்க. புயல் பாதியில நிக்குது. படிக்கட்டுல ஒருத்தர் உருண்டாரே, பொழச்சாரா?”

மூன்றாம் மாதம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. அக்கரையில் குடைக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடித்தனம் என்று ஏற்பாடு. அக்கா கிளம்பிய அன்று தம்பி செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வாசல்வரை வந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெட்டி, அந்தக் குடை. அவ்வளவுதான் அக்காவின் கையில். பஸ் நிறுத்தத்துக்குத் தம்பி மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தாள், தோளில் மிதவையும் இரண்டு கை நிறையப் பொட்டலங்களுமாக.

“அக்கா! உங்க கப்பலை விட்டுட்டுப் போறீங்க!”

“பழைய இரும்புக்குப் போட்டுடு. கப்பலை நான் எங்க பாத்தேன்? கடலையே பாத்ததில்லை.”

“அப்புறம் எதுக்குப் பேப்பர்ல ‘கப்பல் சாமான் தேவை’ன்னு போட்டீங்க?”

கேப்டன் பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டுக் கையாட்டினார். அக்கா படியில் கால் வைத்தபடி திரும்பினாள்.

“‘பேச ஆள் தேவை’ன்னு போட்டா யார் வருவா?”