ஜம்பு மரமும் புகை மெசினும்

“அக்கா, இறங்குங்கோ! புகைக்காரர் வந்திட்டினம்!”

ஏணியடியில் நின்று வீட்டுக்காரன் செபஸ்தியன் கத்தினான். ஒரு கையால் ஏணியைப் பிடித்திருந்தான். மறு கையில் ஒரு ஷொப்பிங் பை, அதற்குள் பப்பாசிக் குருத்திலைகள்.

ரபீக்காவோ இறங்குவதாக இல்லை. ஜம்பு மரத்துக் கிளையில், அவள் முகத்துக்கு நேரே, பலாப்பழம் அளவுக்குத் தேனீக்கள் திரண்டு தொங்கின. வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மரத்தில் தேனீக்கூட்டம் வந்து இறங்கியிருக்கிறது என்று முனைக்கடை ராசிக் போனில் கோல் எடுத்துச் சொன்னதுதான் தாமதம், வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து ஓடி வந்திருந்தாள்.

ஓடாமல் என்ன செய்வாள்? மொட்டைமாடியில் அவள் வளர்த்த தேனீ முழுவதும் போன மாதம் நுளம்புக் கொசுவை ஒழிக்க அடித்த மருந்துப் புகையில் செத்து விழுந்தது. தும்புத்தடியால் கூட்டி அள்ளினாள். புருஷன் மௌத்தான பிறகு அந்தத் தேனை விற்றுத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. இந்தக் கூட்டமும் கைவிட்டுப் போனால், அவ்வளவுதான்.

“தம்பி, நீங்கதானே அவனுகளக் கூப்பிட்ட?” என்றாள் மேலேயிருந்து.

“ஓம் அக்கா. அது என்னெண்டா...”

“ஒண்டும் சொல்ல வாணாம்! தேனீக்குப் பயந்து, நுளம்பச் சாட்டி, புகைக்காரனக் கூட்டி வந்தீக்கிறீங்க. அல்லாட படைப்பு இது. கொல்லப்படாது!”

அதற்குள் இரண்டு பேர் மெசினோடு கேட்டடிக்கு வந்துவிட்டார்கள். ரபீக்கா அவர்களைப் பார்த்துச் சிங்களத்தில் கெஞ்சினாள். பொழுதுபடும் மட்டும் பொறுங்கள், வெளியே பறந்து திரிகிற ஈ எல்லாம் வந்து அடையட்டும் என்றாள்.

மூத்தவன் மரத்தை அண்ணாந்து பார்த்தான். மரத்தில் ஆளை வைத்துக்கொண்டு புகையடிக்க ஏலாது, இருட்டினாலும் அடிக்க ஏலாது, நாளை மறுநாள் வருகிறோம் என்று சொல்லித் திரும்பினான்.

“அல்ஹம்துலில்லாஹ்!” ரபீக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

செபஸ்தியன் பாய்ந்துபோய் அந்த ஆளின் கையைப் பிடித்தான். “அய்யே, யன்ன எப்பா! போகாதீங்கோ! வேணுமெண்டா உங்கட கால்லயும் விழுறன்!”

ரபீக்காவுக்கு வந்ததே கோபம்! ஒரு வாயில்லாப் பூச்சியைக் கொல்ல இப்படியும் ஒரு மனிதன் அலைவானா? மரத்திலிருந்தபடியே வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள்.

புகைக்காரன் சலித்துக்கொண்டே மெசினை மதிலோரம் வைத்தான். அந்தப் பொம்பிளை இறங்கினால் அடிக்கிறேன், ஆனால் வெளிச்சம் இருக்கும்வரைதான் நிற்பேன் என்றான்.

செபஸ்தியன் பையைக் கீழே போட்டுவிட்டு ஏணியில் ஏறினான். கூட்டத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “பெட்டிய நான் பிடிக்கிறன். கெதியா முடியுங்கோ.”

அவள் கிளையை உலுக்கினாள். கூட்டம் பொத்தென்று பெட்டிக்குள் விழுந்தது. நாலைந்து ஈ அவன் கழுத்திலும் கண்மடலிலும் கொட்டியும் அவன் பெட்டியை விடவில்லை. அவள் ஈக்களை மெல்ல விலக்கி ராணியைத் தேடிப் பிடித்தாள். அதைச் சின்னக் கம்பிவலைக் கூட்டுக்குள் விட்டு மூடி, பெட்டிக்குள் தொங்கவிட்டாள். இருவரும் இறங்கிப் பெட்டியை மதில்மேல் வைத்தார்கள்.

“முடிஞ்சுதோ அக்கா?”

“எங்க முடிஞ்ச? பாதி ஈ இன்னும் வெளியேதான். ராணிட வாசத்துக்கு ஒவ்வொண்டா வரும். அதுவரைக்கும் புகையடிக்க விடமாட்டன், பொறுங்க.”

பெட்டி வாசலில் ஈக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து உள்ளே போயின. அவசரமே இல்லாத நடை. செபஸ்தியன் உட்கார்ந்தான், எழும்பினான், வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். புகைக்காரனும் வானத்தைப் பார்த்தான்.

“அக்கா, உங்களக் கும்பிடுறன். மிச்சத்த விட்டிட்டுப் போங்கோ.”

“ஏலாது! என்ட புள்ளைகள் மாதிரி வளக்கிறது. ஒண்டக்கூட விட்டுட்டுப் போகமாட்டன். ஒரு மாசமா ராவு பகலா அழுதுட்டு ஈக்கிறேன். உனக்கு எங்க அது விளங்கப் போகுது!”

அவன் போய் மறுபடியும் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

வெயில் மதிலைவிட்டு இறங்கிப் போயிற்று. கடைசி ஈயும் உள்ளே போனதும் ரபீக்கா வாசலைத் துணியால் அடைத்தாள். பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே ஒரே இரைச்சல். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மங்கல் வெளிச்சத்தில் புகைக்காரன் அவசர அவசரமாக மெசினைத் தோளில் மாட்டினான். செபஸ்தியன் வீட்டுக் கதவையும் ஜன்னல்களையும் ஒவ்வொன்றாக விரியத் திறந்தான். ஈ கொட்டிய அவன் கண் வீங்கி முழுதாய் மூடிப்போயிருந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியை இடுப்பில் இடுக்கியபடி படியருகே போனாள்.

“இவ்வளவு பயந்த மனிசன், அந்தப் புகையையும் விட மாட்டன் எண்டு, மரத்திலயும் ஏறி, ஏன் தம்பி இந்தப் பாடு?”

அவன் கடைசி ஜன்னலையும் தள்ளித் திறந்துவிட்டுத் திரும்பினான்.

“மகள் டெங்கில ஐசியுல கிடக்கிறாள் அக்கா, இண்டைக்குச் சின்னவனுக்கும் காய்ச்சல்.”